பழைய இரும்பு வாங்குவோர், விற்போர் கவனத்திற்கு



பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு தெருத்தெருவாக வண்டி தள்ளிய காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். சென்னையில் பழைய சாமான் கடைக்குக் காயலான் கடை என்று பெயர். காயல்பட்டினத்து வியாபாரிகள் செய்த தொழிலிலிருந்து வந்த பெயர் அது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்றும் நம் சமுதாயத்தில் பல குடும்பங்களுக்கு இதுதான் பிழைப்பு. சொந்தமாகக் கடை வைத்திருப்பவர்கள், தட்டு ரிக்‌ஷாவிலும் மினி வேனிலும் ஊர் ஊராகப் போய் வாங்குபவர்கள், யார்டில் எடை போடும் கூலியாட்கள், டிங்கர் பட்டறை நடத்துபவர்கள் என்று எல்லா நிலையிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள்.

ஊர்க் குப்பையில் மண்ணோடு மண்ணாகப் போக வேண்டியதை எடுத்து மறுபடி உருக்காலைக்கு அனுப்பும் தொழில் இது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் மற்றக் கடைகளுக்கு இல்லாத ஓர் ஆபத்து இதில் உண்டு. மளிகைக் கடைக்காரர் விற்பதில்தான் கவனமாக இருக்க வேண்டும். பழைய இரும்புக் கடைக்காரரோ வாங்குவதில் கவனமாக இருக்க வேண்டும். ஒரு நாள் ஒரு மூட்டையை யோசிக்காமல் வாங்கிப் போட்டால், மறுநாள் கடைக்கு முன் காவல்துறை ஜீப் நிற்கலாம். அந்தக் குடும்பத்துக்கு அன்றோடு வருமானம் நின்றுவிடும். வழக்கு முடியும்வரை வக்கீல் செலவு, வாய்தா, ஊர்ப் பேச்சு எல்லாம் தொடரும்.

ஆகவே சட்டம் என்ன சொல்கிறது, கடையில் என்ன செய்ய வேண்டும், வீட்டில் பழைய சாமான் போடும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இந்த இதழில் விளக்கமாகத் தருகிறோம்.

வாங்குபவர் மீது சட்டத்தின் கண் ஏன்?

பணத்தைத் திருடியவன் நேராகச் செலவு செய்துவிடலாம். வயலிலிருந்து அறுத்த மோட்டார் கேபிளை அப்படிச் செலவு செய்ய முடியாது. அதை யாராவது எடை போட்டுக் காசாக்கித் தர வேண்டும். வாங்க ஆள் இல்லையென்றால் அந்தத் திருட்டால் திருடனுக்கு லாபமே இல்லை. இதனால்தான் எல்லா நாட்டுச் சட்டங்களும் திருடியவனைப் போலவே வாங்கியவரையும் கவனிக்கின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தத் திருட்டில் திருடனுக்குக் கிடைப்பது கொஞ்சம், பறிகொடுத்தவருக்கு நேரும் நட்டம் மிகப் பெரிது. மேட்டூரில் தண்ணீர் திறந்து அது நம் பக்கம் வந்து சேருவதற்குள் குறுவை நாற்றங்காலைக் காப்பாற்றுவது போர் தண்ணீர்தான். அந்த நேரத்தில் மோட்டார் கொட்டகையிலிருந்து கேபிளும் ஸ்டார்ட்டரும் போய்விட்டால் திருடனுக்குச் சில கிலோ செம்பு கிடைக்கும், விவசாயிக்கு நாற்று முழுவதும் கருகிவிடும். டிரான்ஸ்பார்மரை உடைத்து உள்ளே இருக்கும் கம்பிச் சுருளை எடுத்தால், அதை நம்பியிருக்கும் அத்தனை பம்புசெட்டும் நின்றுவிடும். அதற்கு வரும் மின்சாரம் 11,000 வோல்ட். அதில் கை வைத்துக் கருகிப் போனவர்களும் உண்டு. புது ஆற்றிலும் கிளை வாய்க்கால்களிலும் மதகு ஷட்டரின் திருகுக் கம்பியைக் கழற்றினால் தண்ணீரைத் திறக்கவும் முடியாது, அடைக்கவும் முடியாது. தஞ்சாவூர் – திருச்சி ரயில் பாதை நம் ஊர் வழியாகத்தான் போகிறது. தண்டவாளத்தைப் பிடித்து நிறுத்தும் கிளிப்புகளையும் பிஷ் பிளேட்டையும் கழற்றினால் ஆபத்து அதில் பயணம் செய்யும் அத்தனை பேருக்கும்தான்.

பள்ளிவாசல் ஹவுளின் பித்தளைக் குழாய், மையவாடியின் இரும்புக் கேட், ஜமாஅத்தின் செம்புத் தேக்சா ஆகியவையும் இதே வழியில் எடைக்குப் போகக்கூடியவைதான். நாம் விற்பவர்களாக மட்டும் அல்ல, பறிகொடுப்பவர்களாகவும் இருக்கிறோம்.

எந்தெந்தச் சட்டங்கள்?

முதலாவது, நம் மாநிலத்தின் 1985-ஆம் ஆண்டுச் சட்டம். பழைய உலோக வணிகர்கள், பயன்படுத்திய பொருட்களை வாங்கி விற்பவர்கள், மோட்டார் வாகனப் பட்டறை மற்றும் டிங்கர் கடை உரிமையாளர்கள் ஆகியோரை ஒழுங்குபடுத்தவும் கட்டுப்படுத்தவும் உரிமம் வழங்கவும் இயற்றப்பட்ட தமிழ்நாடு சட்டம் இது. பழைய இரும்புக் கடையையும் பட்டறையையும் ஒரே சட்டத்தில் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. திருட்டு வண்டி பிரிக்கப்படுவதும் நிறம் மாறுவதும் பட்டறையில்தான், மிச்சம் எடைக்குப் போவது இரும்புக் கடையில். ஊராட்சியில் வாங்கும் தொழில் உரிமம் வேறு, இந்தச் சட்டத்தின் உரிமம் வேறு. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதும் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. கடை வைத்திருப்பவர்கள் தங்கள் கடைக்கு எந்த அலுவலகத்தில் எந்தப் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்று காவல் நிலையத்தில் எழுத்து மூலம் கேட்டு, அதன் நகலைக் கடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, திருட்டுப் பொருளை வாங்கும் குற்றம். 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 411-வது பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 317-வது பிரிவு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தோ, நேர்மையற்ற முறையில் வாங்கினாலும் வைத்திருந்தாலும் 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதை மறைக்கவோ கைமாற்றவோ உதவினாலும் அதே தண்டனைதான். இதையே வழக்கமாகச் செய்கிறவர் என்று நிரூபணமானால் 10 ஆண்டு வரை சிறை, அல்லது ஆயுள் தண்டனை.

இங்கே கவனிக்க வேண்டிய சொற்கள், நம்புவதற்குக் காரணம் இருந்தால் என்பவை. எனக்குத் தெரியாது என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது. நள்ளிரவில், பாதி விலைக்கு, முன்பின் தெரியாத ஒருவன் கொண்டுவந்த எரித்த செம்புக் கம்பியை வாங்கியிருந்தால், இது திருட்டு என்று உங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டாமா என்று நீதிமன்றம் கேட்கும். மேலும், திருட்டு நடந்த சில நாட்களுக்குள் அந்தப் பொருள் ஒருவர் கையில் இருந்து, அது எப்படி வந்தது என்று அவரால் சொல்ல முடியாமல் போனால், அவர் திருடியவர் அல்லது தெரிந்தே வாங்கியவர் என்று நீதிமன்றம் கருதிக்கொள்ளலாம். பழைய சாட்சியச் சட்டத்தின் 114-வது பிரிவில் உதாரணமாகச் சொல்லப்பட்ட இது, இப்போதைய பாரதிய சாக்‌ஷிய அதினியத்தில் 119-வது பிரிவில் இருக்கிறது. ஆக, பொருள் எப்படி வந்தது என்று சொல்ல முடிகிறதா இல்லையா என்பதில்தான் பெரும்பாலும் கடைக்காரரின் கதி இருக்கிறது. பதிவேட்டின் அருமை இங்கேதான் தெரியும்.

மூன்றாவது, ரயில்வே சொத்து பற்றிய 1966-ஆம் ஆண்டுச் சட்டம். திருடப்பட்டதாகவோ முறைகேடாகப் பெற்றதாகவோ நியாயமாகச் சந்தேகிக்கத்தக்க ரயில்வே பொருள் ஒருவரிடம் இருந்தால், அது சட்டப்படி தன்னிடம் வந்தது என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். தவறினால் 5 ஆண்டு வரை சிறை. முதல் குற்றத்துக்கே, தீர்ப்பில் தனிக் காரணம் எழுதப்பட்டால் ஒழிய, ஓராண்டுக்கும் 1,000 ரூபாய் அபராதத்துக்கும் குறையாது. தன் இடத்தில் இதெல்லாம் நடக்கத் தெரிந்தே விட்ட இடத்துக்காரருக்கும் தண்டனை உண்டு. இந்த வழக்கை விசாரிப்பது ரயில்வே பாதுகாப்புப் படை. சாதாரணக் காவல்துறையிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் குற்றத்தை நிரூபிக்கச் செல்லாது. ஆனால் இந்தச் சட்டப்படி விசாரிக்கும் ரயில்வே பாதுகாப்புப் படை அதிகாரி அந்தப் பொருளில் காவல்துறை அதிகாரி அல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே அவரிடம் கொடுக்கும் வாக்குமூலம் சாட்சியமாக வரக்கூடும். படித்துப் பார்க்காமல், வக்கீலைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

நான்காவது, 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம். மின் கம்பிகளையும் சாதனங்களையும் திருடுவது 136-வது பிரிவில் குற்றம், அப்படித் திருடியதை வாங்குவது 137-வது பிரிவில் குற்றம். இரண்டுக்கும் 3 ஆண்டு வரை சிறை உண்டு. அலுமினிய மின் கம்பித் துண்டுகளும் டிரான்ஸ்பார்மர் தகடுகளும் எடைக்கு வரும்போது இதை நினைவில் வையுங்கள்.

இதோடு வரி விஷயமும் சேர்ந்துகொண்டது. 2024 அக்டோபர் 10 முதல், ஜிஎஸ்டி பதிவு பெற்ற வியாபாரி பதிவில்லாதவரிடம் உலோகக் கழிவு வாங்கினால், அதற்கான வரியை வாங்குபவரே கட்ட வேண்டும். எனவே திருச்சியிலோ தஞ்சாவூரிலோ உள்ள பெரிய யார்டுக்காரர் சின்னக் கடைக்காரரிடம் இப்போது கணக்குக் கேட்கிறார். கணக்கில்லாத சரக்கைத் தள்ளிவிடும் காலம் மெல்ல முடிந்துகொண்டிருக்கிறது.

வெளிநாட்டில் என்ன செய்தார்கள்?

இங்கிலாந்தில் ரயில்வே கேபிளும் தேவாலயக் கூரையின் ஈயத் தகடும் ஓயாமல் திருடு போயின. அங்கே 1964-லேயே பழைய உலோக வியாபாரிகளுக்குச் சட்டம் இருந்தும் அது போதவில்லை. 2013-இல் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். உள்ளாட்சியிடம் உரிமம் வாங்க வேண்டும், விற்பவரின் பெயரையும் முகவரியையும் ஆவணத்தைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும், பதிவுகளை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும், முக்கியமாக உலோகத்துக்கு ரொக்கமாகப் பணம் கொடுக்கவே கூடாது. காசோலை அல்லது வங்கி வழியாக மட்டும்தான். பெயர் தெரியாமல் விற்க முடியாது என்றால் திருடனுக்கு அந்தக் கடையில் வேலை இல்லை என்பதுதான் இதன் கணக்கு.

நம் ஊரில் அதைச் சட்டம் கட்டாயமாக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்று காய்கறிக்காரர்கூட போனில் பணம் வாங்குகிறார். செம்பு, பித்தளை, அலுமினியம் ஆகியவற்றுக்காவது விற்பவரின் சொந்த வங்கிக் கணக்குக்கே பணம் அனுப்பினால், யாரிடம் என்று எவ்வளவுக்கு வாங்கினோம் என்பதற்கு அதுவே அத்தாட்சியாகிவிடும்.

கடையில் செய்ய வேண்டியவை

ஒரு நீளமான கணக்கு நோட்டு போதும். தேதி, நேரம், விற்பவர் பெயர், ஊர், போன் எண், பொருள், எடை, கொடுத்த தொகை, எங்கிருந்து வந்த பொருள், விற்பவர் கையெழுத்து என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். பக்கங்களுக்கு எண் போடுங்கள், கிழிக்காதீர்கள். அடையாள அட்டையைப் பார்த்து எழுதுங்கள். பொருளையும் வந்த வண்டியின் எண்ணையும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். செம்பு, பித்தளை, வண்டி பாகங்கள் ஆகியவற்றை வாங்கிய அன்றே உடைக்காமல், உருக்க அனுப்பாமல், சில நாள் தனியாக வைத்திருப்பது நல்லது. கேபிளின் மேல் தோலை எரிப்பதை அடியோடு விட்டுவிடுங்கள். அடையாளத்தை அழித்தார் என்ற குற்றச்சாட்டுக்கு அதுவே இடம் கொடுக்கும். அந்தப் புகையும் நஞ்சு.

கீழ்க்கண்டவை வந்தால் வாங்க வேண்டாம்:

தண்டவாளத் துண்டு, கிளிப், பிஷ் பிளேட் போன்ற ரயில்வே பொருட்கள். ரயில்வே தன் கழிவை ஏலத்தில்தான் விற்கும், ஏலத்தில் எடுத்தவரிடம் ரசீது இருக்கும்.

மின்வாரியக் கம்பி, டிரான்ஸ்பார்மர் சுருள், மீட்டர், ஃப்யூஸ் கேரியர்.

மதகு ஷட்டர், அடிபம்பு கைப்பிடி, குடிநீர்க் குழாய் வால்வு, சாக்கடை மூடி, சாலைப் பெயர்ப்பலகை. அரசு அல்லது உள்ளாட்சியின் சொத்தைத் திருடுவது இப்போது 7 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

கோயில் மணி, குத்துவிளக்கு, சிலை, பள்ளிவாசல், தேவாலயச் சாமான்கள். நிர்வாகக் குழுவின் தீர்மான நகலும் கடிதமும் இல்லாமல் தொடவே வேண்டாம். வழிபாட்டுத் தலத்துப் பொருளால் வரும் வழக்கு ஒரு கடையோடு நிற்காது, ஊரின் அமைதியையே கெடுக்கும்.

சேசிஸ் எண் சுரண்டப்பட்ட வண்டி, எண் பலகையோ ஆர்.சி.யோ இல்லாத வண்டி.

சிறுவர்கள் கொண்டுவரும் செம்பும் பித்தளையும். பெற்றோரை அழைத்து வரச் சொல்லுங்கள்.

சந்தேகம் வந்தால் வாக்குவாதம் செய்யாமல், இன்று எடை போடவில்லை என்று அனுப்பிவிட்டு, வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு 100 அல்லது 112-க்குச் சொல்லுங்கள். ரயில்வே பொருள் என்றால் 139. மின்சாரப் பொருள் என்றால் மின்னகம் 94987 94987. முதலில் தகவல் சொன்னவர் என்ற நிலையும் பிறகு பிடிபட்டவர் என்ற நிலையும் ஒன்றல்ல.

காவல்துறை வந்தால்

பதிவேட்டைக் காட்டுங்கள். ஓடவோ பொருளை ஒளிக்கவோ வேண்டாம். சந்தேகப்படும் பொருளைக் கைப்பற்றக் காவல்துறைக்கு அதிகாரம் உண்டு. ஆனால் கைப்பற்றியதற்குப் பட்டியல் எழுதி நகல் தர வேண்டும். சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்பது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-வது பிரிவு. கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். 317-வது பிரிவின் குற்றம் ஜாமீனில் விட முடியாதது என்று சொல்லப்படும். அதன் பொருள், காவல் நிலையத்தில் உரிமையாக ஜாமீன் கேட்க முடியாது என்பதுதான். நீதிமன்றத்தில் கேட்கலாம், கிடைக்கவும் செய்கிறது.

18 வயதுக்குக் குறைந்த பிள்ளையை லாக்கப்பில் வைக்கக் கூடாது, இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் நிறுத்த வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானத்தைப் பார்க்காமலே இலவச உதவி உண்டு. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 15100. மகனையோ கணவரையோ அழைத்துப் போய்விட்டார்கள் என்று கலங்கி நிற்கும் தாய்மார்கள், யாரோ இடைத்தரகரிடம் பணத்தைக் கொடுப்பதற்கு முன் இந்த எண்ணை அழையுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

வீட்டில் இருக்கும் எல்லாமே நம்முடையது அல்ல. சமையல் எரிவாயு சிலிண்டர் நிறுவனத்துக்குச் சொந்தம், நாம் முன்பணம் கட்டி வைத்திருக்கிறோம். மின்வாரியம் பொருத்திய மீட்டரும் அப்படியே. இவற்றை எடைக்குப் போடக் கூடாது. பழைய பைக்கைப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிட்டால் ஆர்.சி. உங்கள் பெயரிலேயே இருக்கும். அதன் சேசிஸும் எண் பலகையும் வேறொரு திருட்டு வண்டிக்கு ஏறினால் காவல்துறை தேடி வருவது உங்கள் வீட்டைத்தான். வண்டியை உடைத்தால் 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அரசுப் பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் கொடுத்தால் அதற்குச் சான்றிதழே தருவார்கள்.

தோப்பிலோ தண்டவாள ஓரத்திலோ கிடந்தது என்று பிள்ளைகள் எதையாவது கொண்டுவந்தால், எவ்வளவுக்குப் போகும் என்று கேட்காதீர்கள், எங்கே எடுத்தாய் என்று கேளுங்கள். கண்டெடுத்த பொருளை ஓராண்டு அறிவித்து உரியவரைத் தேட வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிகாட்டல். அது பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே தெரிய வேண்டிய பாடம்.

மார்க்கம் சொல்வது

திருட்டு என்று தெரிந்த பொருளை வாங்குவது ஹராம் என்பதிலும், அது உரியவருக்கே திரும்பச் சேர வேண்டும் என்பதிலும் உலமாக்களிடையே இரண்டாவது கருத்து இல்லை. நான் காசு கொடுத்துத்தானே வாங்கினேன் என்பது அதை ஹலாலாக்கிவிடாது. குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று பாருங்கள். சூரத்துல் பகராவின் 282-ஆவது வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியும் சாட்சி வைப்பதைப் பற்றியும் பேசுகிறது. கைக்குக் கை நடக்கும் வியாபாரத்தை எழுதாவிட்டால் குற்றமில்லை என்று சலுகை தந்த அதே இடத்தில், வியாபாரம் செய்யும்போது சாட்சி வைத்துக்கொள்ளச் சொல்கிறது. இன்றைய பதிவேடும் போனில் எடுத்த படமும் நமக்குச் சாட்சிகளே. எடையில் குறைப்பவர்களுக்கு அழிவைச் சொல்லவே ஒரு தனி சூரா இருக்கிறது. தராசும் நோட்டும் நேராக இருந்தால் இந்தத் தொழிலில் பயப்பட ஒன்றுமில்லை.

ஒருவர் செய்யும் தவறுக்கு நம் சமுதாயமே பேச்சு வாங்க வேண்டியிருக்கிறது என்று பலர் வருந்துகிறார்கள். அந்த வருத்தத்தைவிடப் பெரியது, நாற்று கருகி நிற்கும் விவசாயியின் வருத்தம். அவர் நமக்குப் பக்கத்து வயல்காரர், நம் கடைக்கு வருபவர், நம் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டவர். அவருடைய கேபிள் நம் தராசில் ஏறக் கூடாது.

பதிவேடு எழுதத் தெரியாதவர்கள், வாசிக்கச் சிரமப்படுபவர்கள் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரு நோட்டோடு வாருங்கள். கோடு போட்டு, முதல் பக்கத்தை எழுதிக் காட்டித் தருகிறோம். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், அத்தாவின் கணக்கை அவர்களே எழுதப் பழகட்டும். உரிமத்துக்கும் ஜிஎஸ்டி பதிவுக்கும் விண்ணப்பம் எழுதவும் உதவுகிறோம், இன்ஷா அல்லாஹ்.

அல்லாஹ் நம் அனைவருடைய ரிஸ்கையும் ஹலாலானதாகவும் பரக்கத் நிறைந்ததாகவும் ஆக்கி வைப்பானாக. ஆமீன்.